வாய் தவறி வந்த ‘நாம’

குடைக்காரர் பேசி முடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அவர் குடித்து மூடுவதற்குள் அவர் சொன்னதைத் தமிழில் சொல்லி முடித்துவிட வேண்டும். பாஷையம்மாவுக்குச் சம்பளம் அதற்குத்தான்.

இரண்டு பெயருமே அந்த அறையில் வைத்தவை. சைக்கிள் கடை மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைதான் கால்வாய்க்கரைப் பெண்களின் சங்கம். பல நாடுகளில் இதுபோன்ற சின்னச் சின்ன உரிமைச் சங்கங்களுக்குக் கைகொடுக்கும் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து வந்தவர் அவர். வெயில் காயும் நாளில் குடையோடு வந்து இறங்கியதால் குடைக்காரர் ஆனார். அவர் பேச்சை இங்கேயும் இவர்கள் பேச்சை அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததால் அவள் பாஷையம்மா. இருவரும் தங்கள் சொந்தப் பெயரைத் தெளிவாகச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டார்கள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று பேசியது சங்கத்தில் இளையவளான சின்னவளின் வழக்கைப் பற்றி. ஊரின் சாக்கடையையும் கழிவுத் தொட்டியையும் தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்வது கால்வாய்க்கரைக் குடும்பங்கள்தான். அந்த வேலைக்கு வேறு யாரும் வரமாட்டார்கள்; அந்த வேலை செய்கிறவர்களுக்கு வேறு தெருவில் யாரும் வீடு தரவும் மாட்டார்கள். சின்னவளின் கணவன் ஒரு ஓட்டல் தொட்டிக்குள் இறங்கினான். விஷவாயு தாக்கி உள்ளேயே செத்துப்போனான். இறங்கச் சொன்னது காண்ட்ராக்டர். அவனோ, ‘நான் சொல்லவில்லை, அவனாகத்தான் இறங்கினான்’ என்று சாதித்தான். அவள் அதற்கு ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தால், ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற வேலையும் பின்னாலேயே குடியிருக்க ஒரு அறையும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சின்னவள் தவித்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொள்வதா, விசாரணைக்குப் போவதா?

அதற்குத்தான் குடைக்காரர் பதில் சொன்னார். இந்த வழக்கைக் கடைசிவரை பார்ப்போம் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் மொழியில் அந்த ‘நாம்’, ‘நாங்கள்’ சமாசாரமெல்லாம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நமக்குத்தான் இரண்டு. எதிரில் நிற்கிறவரையும் கூடச் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, வாசலோடு நிறுத்திவிட்டால் ‘நாங்கள்’. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டில் இருக்கிறோம். ‘நாம சாப்பிடலாம்’ என்றால் உட்காரலாம், ‘நாங்க சாப்பிடப் போறோம்’ என்றால் செருப்பைத் தேட வேண்டியதுதான். இந்த வித்தியாசம் பேசத் தொடங்கிய குழந்தைக்கே தெரியும்.

பாஷையம்மாவுக்குத் தெரியாதா என்ன? எத்தனையோ சங்கங்களில் எத்தனையோ விருந்தாளிகளுக்குப் பேசியவள். எப்போதும் ‘நாங்க’தான். பட்டும் படாமலும் பேசுவதில் கைதேர்ந்தவள். அன்று என்ன வந்ததோ, சின்னவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இந்தக் கேஸ நாம கடைசி வரைக்கும் பாத்துடலாம்னு சொல்றார்.”

சங்கத்தில் மூத்தவளான பெரியக்கா, மார்க்கெட்டைப் பெருக்குகிறவள், தலையை நிமிர்த்திப் பார்த்தாள். குடைக்காரரைப் பார்க்கவில்லை. பாஷையம்மாவைப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் வண்டியில்தான் பாஷையம்மாவுக்கு உறைத்தது. முதலில் பயமாக இருந்தது. வாய் தவறியதைவிட, ஏன் தவறியது என்பதுதான் அவள் பயம். அவளும் ஒரு கால்வாய்க்கரையில் பிறந்தவள்தான், வேறோர் ஊரில். விடுதியில் தங்கிப் படித்தாள், மொழிகளைக் கற்றாள், ஊரை மாற்றிக்கொண்டாள், பேச்சையும் மாற்றிக்கொண்டாள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரம்மா, “நாங்க நல்ல குடும்பமாப் பாத்துத்தான் வீடு விடுவோம், கால்வாய்ப் பக்கத்து ஆளுங்க யாரும் இல்லையே” என்று கேட்டபோது, “இல்லீங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிச் சாவியை வாங்கியவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் மறைத்திருந்தாள், சோறும் குறையில்லாமல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு சொல்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டாள். சங்கத்துச் சாவியை வைத்திருக்கும் பெண், மூக்குக்கண்ணாடி போட்டதால் கண்ணாடி என்றே கூப்பிடப்படுகிறவள், போன் செய்து அந்த ஆறுதலையும் கெடுத்தாள்.

“சின்னவ முடியாதுன்னு சொல்லிட்டா. காண்ட்ராக்டர் மொகத்துக்கு நேராவே சொன்னா. நாம பாத்துடலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, அப்புறம் எனக்கென்னன்னா. அவனும் அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டானாம்.”

கண்ணாடியின் குரலில் அவ்வளவு சந்தோஷம். பாஷையம்மா “ரொம்ப நல்லது” என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

கொஞ்ச நாள் போனதும் அறக்கட்டளையின் உள்ளூர் அலுவலக மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். கெட்ட மனிதரல்ல, கெட்ட செய்தியை அடுத்தவர் வாயால் சொல்லவைப்பதில் மட்டும் கெட்டிக்காரர்.

“தலைமையகத்துல இந்த வருஷம் நிதி குடுக்கற தலைப்பு மாறிடுச்சு. கால்வாய்க்கரை அதுல வரல. வக்கீலுக்கு ஏற்பாடு பண்றதெல்லாம் இனிமே இல்ல.”

“கடைசி வரைக்கும் பாக்கறோம்னு அவர் சொன்னாரே சார்.”

“பாக்கறோம்னுதானே சொன்னார். பாப்பார். என்ன ஆச்சுன்னு எழுதி அனுப்புனா படிப்பார்.” அதில் கிண்டல் எதுவும் இல்லை, நிஜமாகவே சொன்னார். “நீங்க போய்ப் பக்குவமாச் சொல்லிடுங்க. வெசாரணையில நம்ம ஆபீஸ் பேரு அடிபடக் கூடாது, அத மட்டும் பாத்துக்குங்க.”

பக்குவமாகச் சொல்ல அது என்ன குழம்பா? பாஷையம்மா மாடிப்படி ஏறி, கதவைத் தாண்டியதும் நின்றபடியே கொட்டிவிட்டாள். அறக்கட்டளை விலகிக்கொண்டதைச் சொன்னாள். பிறகு, சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காத விஷயத்தையும் சொன்னாள்.

“தப்பு என்னோடது. அவர் நாங்க பாக்கறோம்னுதான் சொன்னார். நாமன்னு நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். அத நம்பி நீங்க வேலைய வேணாம்னுட்டீங்க.”

சின்னவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் மாறவில்லை.

“ஆமா, பெரிய வித்தியாசம்,” என்றாள் கண்ணாடி. “எப்படிச் சொல்லியிருந்தாலும் கைய விட்டிருப்பாங்க.”

“வித்தியாசம் இருக்குடி,” என்றாள் பெரியக்கா. “இந்தாம்மா, உக்காரு. அந்தக் குடைய நம்பி இங்க யாரு என்ன செஞ்சா? வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனவங்களயெல்லாம் நம்பியிருந்தா எங்க பொழப்பு எப்பவோ நாறியிருக்கும். அதாவது இப்ப நாறறத விட.”

கண்ணாடி சிரித்துவிட்டாள். பெரியக்கா சிரிக்கவில்லை.

“வர்றவங்க நல்லவங்கதான். எங்களுக்காக அழுதவங்க கூட உண்டு. ஆனா எங்களப் பாத்து ஒருத்தர் வாயிலயும் நாமன்னு வந்ததில்ல. தப்பித் தவறிக்கூட வராது. ஒனக்கு வந்துச்சு. இவ நம்ம ஆளுதான்னு அன்னைக்கே நான் சின்னவகிட்ட சொல்லிட்டேன்.”

பாஷையம்மா கைப்பையின் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நீங்க எந்தக் கரை, அக்கா?” என்று கேட்டாள் சின்னவள்.

பாஷையம்மா ஊரைச் சொன்னாள். இவ்வளவு வருஷத்தில் அந்த ஊரின் பேரை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

“அப்பா?”

“தொட்டியிலதான். சாவல. கண்ணு போயிடுச்சு.”

சின்னவள் தலையசைத்தாள். கால்வாய்க்கரைக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

“வேலையும் போச்சு, வீடும் போச்சு, அத விடுங்க,” என்றாள். “வக்கீல் இல்லாட்டியும் பரவால்ல, நடந்தத நானே சொல்லுவேன். பக்கத்துல பக்கெட்டோட நின்னவ நான்தானே. ஆனா அங்க ஆபீஸ் பாஷையிலதான் எழுதுவாங்க. அதிகாரிக்கு நம்ம பேச்சு தெரியாது. மாத்திச் சொல்ல நமக்கு ஆள் இல்லன்னா காண்ட்ராக்டரோட குமாஸ்தா சொல்லுவான். எறங்கச் சொன்னாங்கன்னு நான் சொன்னா, எறங்குனார்னு சொல்லி முடிச்சுடுவான். ஒரு வார்த்தைய முழுங்கிட்டாப் போதும் அவனுக்கு.”

யாரும் பாஷையம்மாவை வா என்று கூப்பிடவில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. விசாரணை அன்று அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவர்களோடு பஸ்ஸில் ஏறினாள். வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சல் எங்கிருந்தோ வந்திருந்தது. துணிச்சலும் தும்மலைப் போலத்தான், வந்தால் ஒன்றோடு நிற்பதில்லை. பெரியக்காவின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“இன்னைக்கு யாராவது கேட்டா நான் மறைக்கப் போறதில்லக்கா. எங்க ஆளுங்கதான்னு சொல்லிடப் போறேன்.”

“மொதல்ல வந்த வேலையப் பாப்போம்,” என்றாள் பெரியக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

விசாரணைக் கூடம் என்றால் பெரிய மண்டபம் ஒன்றுமில்லை. நீள மேசை, கறகறவென்று சுற்றும் மின்விசிறி, பீரோவுக்கு மேல் பீரோ உயரத்துக்குக் காகிதக் கட்டுகள். அதிகாரி மேசையின் தலைமாட்டில், பக்கத்தில் தட்டச்சு செய்பவர். ஒரு பக்கம் காண்ட்ராக்டர், அவனுடைய வக்கீல், இஸ்திரி கலையாத சட்டையில் குமாஸ்தா. மறுபக்கம் பெண்கள். நடுவில் மொழிபெயர்ப்பாளர் நாற்காலி. பாஷையம்மா அதில் உட்கார்ந்ததுமே வக்கீல் எழுந்துவிட்டார்.

“மொழிபெயர்ப்பவர் இரு தரப்புக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும் என்பது விதி. இந்த அம்மையார் கால்வாய்க்கரையைச் சேர்ந்தவராக இருந்தால் நாங்கள் ஏற்க முடியாது. எங்கள் குமாஸ்தாவுக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். அவர் உதவத் தயார்.”

அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. இருட்டில் கல்லெறிந்து பார்த்தார், அவ்வளவுதான். குமாஸ்தா உடனே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலிக்குத் தயாரானான்.

பாஷையம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பதில். ஆனால் அதிகாரி அவளிடம் கேட்கவில்லை.

“முதலில் அந்தப் பெண்களைக் கேளுங்கள்,” என்றார்.

தன்னைப் பற்றிய கேள்வியைத் தானே கேட்க வேண்டியதாயிற்று. தொழில் தொழில்தான். பெண்கள் பக்கம் திரும்பி, வக்கீல் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“இந்த மொழிபெயர்ப்பாளர் உங்க ஆளா, கால்வாய்க்கரையான்னு அதிகாரி கேக்கறார்.”

பெரியக்கா எழுந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவள் ஆமாம் என்று சொல்லும் குரலைக் கேட்க பாஷையம்மாவுக்கு ஆசையாகவே இருந்தது.

“இந்தம்மாவா? இவங்க எங்க ஆளு இல்லீங்க,” என்றாள் பெரியக்கா. “பாத்தாத் தெரியலயா? ஆபீசுல வேல பாக்கறவங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் ஒட்டும் கெடயாது, உறவும் கெடயாது. எங்க இடத்துக்கு வந்தாக்கூட எங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல.”

கடைசியில் சொன்னது மட்டும் பொய்யில்லை. சைக்கிள் கடை மாடிக்குப் போகும்போதெல்லாம் பாஷையம்மா தன் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோனாள்.

குமாஸ்தா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். ஒரு சொல் குறைந்தாலும் பிடித்துவிடுவான். பாஷையம்மா அதிகாரியின் பக்கம் திரும்பி, அத்தனையையும் அவர் மொழியில் சொன்னாள். இவர் எங்களைச் சேர்ந்தவர் அல்ல. எங்களுக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை. எங்கள் கையால் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. தண்ணீரையும் விடவில்லை. இதே பொருள்பட எத்தனையோ பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் உறுத்தியதோடு சரி. அன்று வலித்தது, நன்றாகவே வலித்தது.

“நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்களா?” என்று அவளைக் கேட்டார் அதிகாரி.

உண்மையைச் சொன்னால் குமாஸ்தா வந்து உட்காருவான். பெரியக்கா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“ஆமாம்,” என்றாள் பாஷையம்மா. மின்விசிறிச் சத்தத்தில் அது அதிகாரிக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

குமாஸ்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டான். சின்னவளைப் பேசச் சொன்னார்கள்.

“எறங்கச் சொன்னாங்க,” என்று ஆரம்பித்தாள் சின்னவள். “என் வீட்டுக்காரர் மாட்டேன்னார். நாத்தத்துல தலைய சுத்துதுன்னார். எறங்கலன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராதேன்னாங்க.”

சாட்சியத்தை மொழிபெயர்ப்பவர்கள் ‘அவள்’ என்று சொல்வதில்லை. பேசுகிறவராகவே பேச வேண்டும். பாஷையம்மாவும் அப்படியே சொன்னாள். என் கணவரைத் தொட்டிக்குள் இறங்கும்படி உத்தரவிட்டார்கள். அவர் மறுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். குமாஸ்தா வாயைத் திறந்தான், திருத்த ஒன்றும் அகப்படாமல் மூடிக்கொண்டான். தட்டச்சு செய்பவர் ‘உத்தரவிட்டார்கள்’ என்று அடித்தார்.

கயிறு போட்டு இழுத்த இடத்துக்கு வந்ததும் சின்னவள் அழுதாள். பெரியக்கா அழுதாள். கண்ணாடி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். மொழிபெயர்ப்பாளர் அழுதால் உறவு என்று எழுதிவிடுவார்கள். பாஷையம்மா கையைக் கட்டிக்கொண்டு, அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள்.