மூடி வைத்த சொல்யூஷன் டப்பா

1

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல, ஒட்டுக்கேட்டது. மாதனூரிலிருந்து ஆம்பூர் போகிற ஷேர் ஆட்டோவில், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம், "ரெண்டு கோடு வந்துச்சுடி. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். அவ்வளவுதான் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

சொன்னவளுக்குக் கிறிஸ்டினா என்றும், கேட்டவளுக்கு மஹ்பூபி என்றும் பெயர் வைத்தேன். இருவருக்கும் ஷூ கம்பெனியில் ஒரே லைன். கிறிஸ்டினாவின் வேலை, தோலையும் அடிப்பாகத்தையும் ஒட்டுகிற சொல்யூஷன் தடவுவது.

2

முதல் தொடக்கம்: "தாய்மை என்பது ஒரு..."

எனக்கு இன்னா தெரியும் என்று கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது: "கிறிஸ்டினாவின் கண்களில் ஆனந்தக் கண்ணீர்..."

கண்ணீர் உண்மை. காரணம் சொல்யூஷன் நெடி.

(சாதாரண நெடி இல்லை. அந்த டேபிளுக்கு மேலே பறந்த ஈ ஒன்று மயங்கி விழுந்து, ஷூவோடு ஒட்டிக்கொண்டு ஜெர்மனி போய்விட்டது. திரும்பி வந்த பிறகு, கை கழுவாமல் பிரியாணித் தட்டில் உட்காருவதில்லை. இதை நம்பாவிட்டால் பரவாயில்லை, அடுத்த பகுதியை நம்புங்கள்.)

3

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா ஆரோக்கியமேரி கிறிஸ்டினாவிடம் சொன்னது:

"பேரைப் பதிஞ்சிட்டேன். ஃபோலிக் மாத்திரை இன்னிக்கே ஆரம்பிச்சிடு. சொல்யூஷன் டேபிள்ல இனிமே ஒக்காராதம்மா. கம்பெனில சொல்லி மாத்திக்கோ."

முதல் இரண்டும் ரகசியமாக நடந்துவிடும். மூன்றாவதுதான் சிக்கல்.

போன வருஷம் கோடு தெரிந்த அன்றே கிறிஸ்டினா லைன் முழுக்க லட்டு கொடுத்தாள். இரண்டாம் மாதம் கரு தங்கவில்லை. லட்டு தின்றவர்கள் எல்லோரும் வந்து துக்கம் விசாரித்தார்கள்.

"சொன்னதால போவலம்மா" என்றார் நர்ஸம்மா. கிறிஸ்டினா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் புருஷன் ராஜேஷ், "இந்த வாட்டி மூணு மாசம் வாயே தெறக்காத" என்றான். அதற்கும் தலையாட்டினாள்.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இத்தனை தலையாட்டுகிறவளை வைத்து எப்படிக் கதையை நகர்த்துவது? அப்புறம் யோசித்தேன். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தது அவள் வீட்டுக்கு, என் வீட்டுக்கு இல்லையே.]

4

"ஜன்னலாண்ட நூல் கட் பண்ற சேர் காலியாத்தான் கீது. போய் ஒக்காரு" என்றாள் மஹ்பூபி.

"இன்னாடி வெளையாடுறியா? மாசமா இருக்கறவளுங்க சேருடி அது. அதுல ஒக்காந்தவ எவளாவது சீமந்தத்துக்கு முன்னாடி எழுந்திருக்காளா? லைனுக்கே தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா தெரியட்டும். லட்டு குடுக்காத, அவ்ளோதான்."

"யாசிர் சார் காரணம் கேப்பாரு."

"வெயில் ஒத்துக்கலன்னு சொல்லு."

"ஃபேக்டரிக்குள்ள ஏதுடி வெயிலு!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் யாசிர் வந்துவிட்டார்.

"இன்னா ஜாஸ்தி சிரிப்பு? கிறிஸ்டினா, ஏதாவது சொல்லணுமா?"

5

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

சொல்லிவிடுகிறாள், சேர் கிடைக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் போன தடவை மாதிரியே ஆகிவிட்டால், அந்த இரண்டாம் மாதத்தை யார் எழுதுவது?

சொல்லவில்லை, அதே டேபிளில் உட்காருகிறாள். எனக்கு மனசு வரவில்லை.

யாசிர் தானாகவே புரிந்துகொள்கிறார். சூப்பர்வைசர் தானாகப் புரிந்துகொள்வதற்கு என் ஈயே தேவலை.

ஆகவே அப்படியே விட்டுவிட்டேன். யாசிர் காத்திருக்கிறார். கிறிஸ்டினா எழுந்து நிற்கிறாள். மஹ்பூபி ஜன்னலோரச் சேரைத் துப்பட்டாவால் துடைத்து வைத்திருக்கிறாள். அடுத்த வார்த்தை கிறிஸ்டினாவுடையது. ஆட்டோவில் ஒரு தடவை அவள் ரகசியத்தைத் திருடியவன் நான், மறுபடி அவள் வாய்க்குள் கைவிட மாட்டேன். என்ன சொல்லலாம் என்று நீங்கள் வேண்டுமானால் யோசித்துச் சொல்லுங்கள்.

யோசித்து முடிக்கிறவரை அவள் அந்த நெடியில் நிற்க வேண்டாமே என்று, கிளம்பும்போது ஒரே ஒரு வேலை செய்தேன். சொல்யூஷன் டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்தேன்.