எஞ்சிய துணிக்கை

பாலையூற்றிலே பாக்கியரத்தினத்தின் வீட்டு முற்றத்தில் மூன்று தேசிக்கன்றுகள் அடுத்தடுத்துப் பட்டுப்போயின. மூன்றாவதும் இலை சுருண்டு விழுந்த அன்று, அவருடைய மனைவி கமலேஸ்வரி முற்றம் முழுவதற்கும் சீமெந்து போடுவதென்று முடிவெடுத்து, மேசன் ஜெமீலுக்கு அடுத்த திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். கணவருக்கு ஒரேயொரு சலுகையை விட்டுவைத்தார்: மண்ணில் குறையில்லை என்று ஆய்வுகூடம் எழுதித் தந்தால் சீமெந்து வராது, தராவிட்டால் வரும்.

பாக்கியரத்தினம் நீதிமன்றத்தில் முப்பத்தோராண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி சொன்னதற்கு மேல் ஒரு சொல்லைக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. ஒருமுறை சாட்சி இருமியதையும் "இருமினார்" என்று மொழிபெயர்த்தவர். அத்தகையவரின் கையில் மண் பரிசோதனை அலுவலகத்தின் துண்டுப்பிரசுரம் கிடைத்தது.

முற்றத்தில் வளைந்து வளைந்து நடந்து, பத்து இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுக்குமாறு அது பணித்தது, எடுத்தார். கல்லையும் வேரையும் நீக்கி, நிழலில் உலர்த்திக் கலக்கச் சொன்னது, கலந்தார். வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு கால்பங்குகளை அகற்றி, எஞ்சியதைக் கலந்து மீண்டும் நான்காகப் பிரிக்கச் சொன்னது. கடைசி வரி, "இவ்வாறே தொடர்ந்து செய்க" என்று முடிந்தது. எதுவரை என்பது அச்சில் விடுபட்டிருந்தது.

அவர் தொடர்ந்து செய்தார். காலையில் ஒரு கடகம் நிறைய இருந்த மண் பத்து மணிக்கு ஒரு சிரட்டைக்குள் அடங்கியது. பதினொன்றரைக்குத் தேக்கரண்டிக்குள் அடங்கியது. அகற்றியவற்றையெல்லாம் குழிகளிலேயே திரும்பக் கொட்டினார். கமலேஸ்வரி சோற்றுக்கு அழைத்தபோது பூதக்கண்ணாடியும் சவர அலகுமாகக் குந்தியிருந்தவர், வாய் திறந்தால் மாதிரி மண் பறந்துவிடும் என்று கையால் மட்டும் மறுத்தார். மூன்று மணியளவில் ஒற்றை மண்துணிக்கை எஞ்சியது. அதையும் நான்காக்க முயன்று தோற்ற பிறகே நிறுத்தினார். நிறுத்தியது விருப்பத்தாலன்று, இயலாமையால் என்று ஒரு தாளில் எழுதி ஒப்பமும் இட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் லோஜினி என்ற இளம் உத்தியோகத்தர், அவர் நீட்டிய பொலித்தீன் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, பைக்குள்ள ஒண்டும் இல்லை."

"ஒண்டு இருக்கு, பிள்ளை. ஒண்டுதான் இருக்கு."

அரைக் கிலோ வேண்டும் என்று லோஜினி விளக்கினார். அது எங்கே எழுதியிருக்கிறது என்று பாக்கியரத்தினம் கேட்டார். லோஜினி பிரசுரத்தை இரு புறமும் இருமுறை படித்தார், எங்கும் இல்லை. வீட்டுக்குப் போய் அரைக் கிலோ அள்ளி வரும்படி வேண்டினார். அப்படி அள்ளினால் அது வெறும் மண், பத்துக் குழிகளுக்கும் முறைப்படி பேசவல்லது இந்தத் துணிக்கையே என்று அவர் மறுத்துவிட்டார்.

செய்தி மேலதிகாரி ஸைனுலாப்தீனிடம் போயிற்று. பிழை அவருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது. அச்சுப்படியைத் திருத்தியவர் தாமே என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. துணிக்கையை மறுத்தால் காரணம் எழுதவேண்டும். காரணம் எழுதினால் தம் பெயரையும் எழுதவேண்டும்.

"பதியுங்கோ பிள்ளை," என்றார். "அறிவுறுத்தலின்படி எடுத்த மாதிரிதானே."

வெள்ளிக்கிழமை அறிக்கை கிடைத்தது. நிறை: பூச்சியம். உப்பு: காணப்படவில்லை. அமிலம்: காணப்படவில்லை. குறைபாடு: எதுவும் காணப்படவில்லை. துணிக்கையையும் சிறு உறையிலிட்டுத் திருப்பித் தந்திருந்தார்கள்.

பாக்கியரத்தினம் கடைசி வரியை, சமையல் நடந்துகொண்டிருந்த குசினியின் வாசலில் நின்று உரத்துப் படித்தார். கமலேஸ்வரி தாளை வாங்கி, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்: "இம்முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்."

"இஞ்சருங்கோ, குறையில்லை எண்டது உங்கட துணிக்கைக்கு. முற்றத்துக்கு இல்லை. அந்தத் துணிக்கைக்கு மேல சீமெந்து போட விடமாட்டன், அது என்ர வாக்கு. மிச்சத்துக்கு ஜெமீல் வருவார்."

பாக்கியரத்தினம் அந்த வரியைத் தமக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் அது பிழையற்றே இருந்தது.

திங்கட்கிழமை ஜெமீல் சீமெந்துப் பைகளை இறக்கினார். எந்த இடத்தை விடுவதென்று அவருக்குக் காட்டும்படி கமலேஸ்வரி சொன்னார். பாக்கியரத்தினம் உறையோடு முற்றத்தின் நடுவே போய், அதன் வாயைப் பிரித்துத் தலைகீழாக உதறினார். துறைமுகப் பக்கத்துக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது.

ஜெமீல் குனிந்து பார்த்தார். "எது ஐயா அது?"

"இதுக்குள்ள ஒண்டு."

ஜெமீல் நிமிர்ந்தார். தூணுக்கு இடம் விடலாம், கிணற்றுக்கு விடலாம், கண்ணுக்குத் தெரியாததற்கு எவ்வளவு விடுவது என்று கமலேஸ்வரியிடம் கேட்டார். கமலேஸ்வரி வாசல் கேற்றிலிருந்து கிணற்றடி வரை பார்த்தார். முதல் சாந்து எங்கே விழுந்தாலும் அங்கே அது இருக்கக்கூடும்.

"எங்க விழுந்ததெண்டு உங்களுக்குத் தெரியாதோ? சத்தியமாச் சொல்லுங்கோ."

"சத்தியமாத் தெரியாது."

சத்தியத்தில் அவர் பொய் சொல்லமாட்டார் என்பது கமலேஸ்வரிக்குத் தெரியும். முற்றத்தை விட்டுவிட்டு, சீமெந்தைக் குசினிக்குப் பின்புறம் கொண்டுபோகச் சொன்னார்.

பின்னேரம் பாக்கியரத்தினம் நான்காவது தேசிக்கன்றோடு வந்து, மண்வெட்டியை ஓங்கி, இறக்காமல் நின்றார். எங்கே வெட்டினாலும் துணிக்கையில் படலாம்.

கமலேஸ்வரி கதிரையில் இருந்தபடி சிறிது நேரம் பார்த்தார்.

"நான் சீமெந்தைப் பற்றித்தான் வாக்குக் குடுத்தனான்," என்றார். "மண்வெட்டியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. நடுங்கோ."