பின்னறையில் ஒரு தாய் வீடு

“கெளம்புற நேரத்துல மாட்டேன்னு சொல்லக் கூடாதுடி. வாய்ல சக்கரையப் போட்டுக்கிட்டு எந்திரி” என்றாள் மாமியார் ஜெகதாம்பாள்.

சுகன்யா எழுந்திருக்கவில்லை. இரண்டு கையிலும் வளையல், கன்னத்தில் காய்ந்த சந்தனம், ஏழு மாத வயிறு. கூடத்தின் நடுவில் போட்ட நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்திருந்தாள். வளைகாப்புக்குக் கிளறிய சித்திரான்னங்கள் எல்லாம் ஊரார் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“டாக்டரம்மா சொன்னதக் கேட்டீங்கல்ல அத்தே? எனக்கு பிரஷர் இருக்குதாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கணும்னாங்க. நம்ம வூட்ட விடப் பக்கத்துல எந்த வூடு இருக்கு?”

கேள்வி நியாயமான கேள்விதான். அரியலூர்ப் பெரியாஸ்பத்திரிக்கும் ஜெகதாம்பாள் வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஒரே ஒரு மதில். அந்தப் பக்கம் பிறந்த பிள்ளை அழுதால், இந்தப் பக்கம் பாத்திரம் துலக்குகிறவள் ஆணா பெண்ணா என்று யோசிப்பாள். ஆனால் நியாயத்துக்கும் முறைக்கும் நம் ஊரில் என்றைக்குப் பேச்சுவார்த்தை இருந்திருக்கிறது?

“பக்கந்தான், யாரு இல்லன்னா? அதுக்காக? தலப்பிரசவம் தாய் வூட்டுலதான்” என்றாள் ஜெகதாம்பாள்.

சுகன்யா கணவனைப் பார்த்தாள். செந்தில்குமார் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவன். சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று பெயர். வீட்டில் இரண்டு பெண்கள் பேசத் தொடங்கினால் மட்டும் செருப்பைக் காணோம் என்று தேடப் போய்விடுவான். இப்போதும் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு காலில்தான் இருந்தது.

பெற்ற தாயாவது தன் பக்கம் பேசுவாள் என்று சுகன்யா நினைத்தாள். மருதாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வா ஆயி. நீ வரலன்னா, பொண்ணுக்குப் பிரசவம் பாக்க வக்கில்லாதவன்னு உங்கப்பாவ ஊரே சிரிக்கும்.”

முதல் பிரசவத்துச் செலவு பெண்ணைப் பெற்றவன் தலையில் என்று பச்சையாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்காது. அதனால்தான் தாய் வீடு, தாய்ப்பாசம் என்று அதற்குப் பூச்சூட்டி வைத்திருக்கிறார்கள். அப்பன்காரன் பெரியசாமியும் அந்தப் பூவை வாங்கத்தான் வெங்காயத்தை விற்றுவிட்டு வந்திருந்தார்.

சுகன்யா எழுந்தாள். வாசல் வரை வந்ததும் எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள் ஒரு முடிச்சுப் போட்டாள். அந்தத் தெருவில் எந்தச் சடங்குக்கும் கடைசி வார்த்தை அவளுடையதுதான். எங்கே படித்தாள் என்று யாரும் கேட்டதில்லை.

“வளையல் போட்டுப் போறவ, இனிமே கையில புள்ளையோடதான் இந்தப் படி ஏறணும். நடுவுல வரப்படாது. சொல்லிப்புட்டேன்.”

அது அரியலூர் மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்த வருஷம். ஊரே ஒரு வருஷம் தனிக்குடித்தனம் நடத்திவிட்டுப் பழைய வீட்டுக்குத் திரும்பியிருந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. சுகன்யா ஒருத்திக்குத்தான் போனால் வரக்கூடாது என்ற சட்டம்.

மருதாயியின் ஊர் குன்னத்தில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர். பஸ் கிடையாது. கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை. வெயில் காலத்தில் பெரியசாமியின் டி.வி.எஸ். ஐம்பது முனகிக்கொண்டே போய்விடும். மழை பெய்தால் அந்த மண் காலைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கூடத் தராது.

அங்கிருந்து பரிசோதனைக்கு எங்கே போவது? அதே அரியலூர்ப் பெரியாஸ்பத்திரிக்குத்தான். கார்டு அங்கேதான் போட்டிருந்தது, டாக்டரம்மா அங்கேதான் இருந்தார். ஆக, ஆஸ்பத்திரிக்கு அடுத்த வீட்டிலிருந்த பிள்ளைத்தாய்ச்சியை முறைப்படி காட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து மாதத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி அந்த ரோடு அம்மை வார்த்த முகமாகக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பஸ்ஸிலுள்ள பெண்கள் எல்லாரும் சுகன்யாவுக்காக “ஆத்தா, மாரியாத்தா” என்றார்கள். வயிறு கூம்பி இருக்கிறது, பையன்தான் என்றாள் ஒருத்தி. முகம் வெளுத்திருக்கிறது, பெண்தான் என்றாள் இன்னொருத்தி. பாதி வழி வருவதற்குள் பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கண்டக்டர் பிச்சைமுத்து நடுநிலை வகித்தார். பஸ் அவள் வாழ்ந்த வீட்டு வாசலை உரசிக்கொண்டு போய்த்தான் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நிற்கும். “தங்கச்சி, ஒன் மாமியா வூடு போவுது பாரு” என்று அவர் தவறாமல் காட்டுவார்.

அவஸ்தை அதற்குப் பிறகுதான். குலுங்கி வந்து இறங்குகிற பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் தேவை என்னவென்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். முதல் தடவை சுகன்யா நேரே மாமியார் வீட்டு கேட்டுக்கு வந்தாள்.

ஜெகதாம்பாள் ஓடி வந்தாள். பாசத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. மருமகளுக்குப் பிடித்த வத்தக்குழம்பு தூக்குவாளியில் வந்தது. மோர் வந்தது. எல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது.

“குடிடி, முகமெல்லாம் வாடிக் கெடக்கு. இன்னொரு டம்ளர் குடி.”

“அத்தே, குடிக்கிறது இருக்கட்டும். நான் உள்ள வந்து பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன்.”

ஜெகதாம்பாள் முகம் தொங்கிப்போயிற்று. “படி ஏறக் கூடாதேடி. இரு, கொல்லப்பக்கமா வந்தாத் தேவலையான்னு கேக்குறேன்.” எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். கிருஷ்ணம்மாள் வந்து, இடுப்பில் கை வைத்து, யோசித்து, தீர்ப்புச் சொன்னாள். “கொல்லையும் வூட்டோட சேந்ததுதானே?”

சுகன்யா பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே நடந்தாள். வாய் வழியாக உள்ளே போவதற்கு எல்லா மரியாதையும் இருந்தது. வெளியே போவதற்குத்தான் சாஸ்திரம் இடம் தரவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் அவள் தண்ணீரே குடிப்பதில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. அந்தத் தடவை குன்னம் ரோட்டுக்கு வருவதற்குள் டி.வி.எஸ். இரண்டு இடத்தில் சிக்கி, பெரியசாமி அதைத் தள்ள, தாயும் மகளும் சேற்றில் நடந்தே வந்தார்கள். டாக்டரம்மா சுகன்யாவின் வீங்கிய காலை அமுக்கிப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழிந்தே நின்றது.

“தண்ணி குடிக்கிறியா இல்லியா நீ? பிரஷர் வேற ஏறிக்கிட்டே போவுது. ராத்திரி வலி எடுத்தா ஒங்க ஊருக்குள்ள வண்டி வருமா?”

“மழையில வராதுங்க.”

“அப்ப தாயும் புள்ளையும் என்ன ஆவீங்க? வெளையாட்டு இல்லம்மா இது. இங்க பக்கத்துல தெரிஞ்சவங்க வூடு ஏதாவது இருந்தா இன்னையிலேருந்து அங்க தங்கிக்க.”

சுகன்யா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மதிலுக்கு அப்பால் ஒரு கொடி. அதில் செந்தில்குமாரின் ஆலைச் சட்டை ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இருக்குதுங்க” என்றாள். “ஆனா அது என் வூடுங்க.”

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காதுதான்.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. “குன்னம் பஸ் வந்துரும், வெரசா வா” என்று மருதாயி முன்னால் ஓடினாள். சுகன்யா ஓடவில்லை. வயிற்றில் பிள்ளை ஒரு உதை விட்டது. அந்தச் சேற்றுப் பாதையில் இதை வைத்துக்கொண்டு இனி ஒரு முறை போவதில்லை என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. மாமியார் வீட்டு கேட்டைத் திறந்தாள். நடந்தாள். வாசற்படி வரை போனாள். தாண்டவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கேற்ற வந்த ஜெகதாம்பாள் அலறிவிட்டாள். “அடிப்பாவி! வெளக்கு வைக்கிற நேரத்துல வாசப்படியில ஒக்காருறியே! மகாலச்சுமி வர்ற நேரம்டி, எந்திரி!”

“எந்திரிச்சு எங்க அத்தே போவட்டும்?”

“நீ படி ஏறக் கூடாது.”

“ஏறலையே. ஒக்காந்துதான் இருக்கேன்.”

படியைத் தாண்டக் கூடாது என்பது ஒரு சட்டம். படியில் உட்காரக் கூடாது என்பது அதைவிடப் பழைய சட்டம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. அலறல் கேட்டு வந்த கிருஷ்ணம்மாளே வாயில் விரலை வைத்துக்கொண்டாள். ஓடி வந்த மருதாயி கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் ஹாரன் அடித்தது. பிச்சைமுத்து எட்டிப் பார்த்தார், சிரித்தார், விசில் கொடுத்துவிட்டார். குன்னம் பஸ் போய்விட்டது.

“என்னால ஆவாது அத்தே” என்றாள் சுகன்யா. இப்போது குரலில் குறும்பு இல்லை. “வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா என் புள்ள போயிரும். எனக்குப் பயமா இருக்கு.”

ஜெகதாம்பாள் கையிலிருந்த காமாட்சி விளக்கைக் கீழே வைத்தாள். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

“எனக்கும் போச்சு. செந்திலுக்கு மூத்தது. தலப்பிரசவத்துக்கு எங்கம்மா வூட்டுக்கு அனுப்புனாங்க. வலி எடுத்தப்புறம் அந்தக் காட்டுலேருந்து மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. ஒடையார்பாளையம் ரோட்டுலயே போச்சு.”

செந்தில்குமார் உள்ளிருந்து வந்து நின்றான். தனக்கு ஒரு அண்ணனோ அக்காளோ இருந்த சங்கதியே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

“தெரிஞ்சுமா அத்தே என்னய அனுப்புனீங்க?”

“முறைக்காகப் போச்சு, அதுக்கு நாம என்ன பண்றதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன்டி. இந்த முறையே வேணாம்னு இன்னைக்கு நான் சொல்லிட்டா, அப்ப அது எதுக்குப் போச்சு?”

சுகன்யா மாமியாரின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே இருந்தது ஓங்கி ஒன்று விட்டது.

“எந்திரிடி” என்றாள் ஜெகதாம்பாள். கண்ணைத் துடைத்தாள். “எந்திரிச்சு உள்ள வா. மொதல்ல பாத்ரூம் போ.”

கிருஷ்ணம்மாளால் அப்படி விட முடியுமா? மறுநாள் காலையிலேயே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். கொல்லையில் சாமான் போட்டு வைத்த பின்னறை ஒன்று இருந்தது. “அதுல மருதாயி தனி அடுப்பு வைக்கட்டும். தனி அடுப்பு எரிஞ்சா அது தனி வூடு. அப்ப அது தாய் வூடுதானே?”

மருதாயிக்கு உயிர் வந்தது. பம்ப் ஸ்டவ்வும் ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் வந்து இறங்கின. சுகன்யா அந்தத் “தாய் வீட்டில்” கால் நீட்டிப் படுத்து, வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தாள். கார்த்திகை பிறந்து, கொட்டுகிற மழையில் ஒரு விடியற்காலை வலி எடுத்தது. செந்தில்குமார் குடையைப் பிடிக்க, நடந்தே போனாள். பெண் குழந்தை. பிறந்தவுடன் போட்ட சத்தம் மதில் தாண்டிக் கேட்டது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஜெகதாம்பாள் கரிக்கையோடு ஓடினாள். டாக்டரம்மா, “இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா ரெண்டு பேரையும் சொல்றதுக்கில்ல” என்றார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தை மாதம் கிருஷ்ணம்மாள் மறுபடி வந்தாள். தாய் வீட்டிலிருந்து பிள்ளையை மாமியார் வீட்டுக்கு முறைப்படி அழைத்து வர வேண்டாமா? பின்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு அடிபம்பும் துளசிச் செடியும்தான் இருந்தன. இருந்தாலும் நல்ல நேரம் குறிக்கப்பட்டது. கொல்லையோரச் சந்தில் ஆட்டோவில் ஏறி, ஆஸ்பத்திரியைச் சுற்றி, தெரு வழியாக வந்து முன்வாசலில் இறங்குவதாக ஏற்பாடு.

ஆட்டோ வந்தது. தொட்டில், வெள்ளிக் கொலுசு, பழத்தட்டு, பலகாரத் தட்டு, தேங்காய்த் தட்டு, குத்துவிளக்கு என்று பெரியசாமி கொண்டுவந்த சீரெல்லாம் ஏறியது. அதற்கு மேல் தட்டுகளைப் பிடித்துக்கொள்ள மருதாயி ஏறினாள். பிறகு பார்த்தால், பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் இடமில்லை.

“செத்த இரு ஆயி” என்றாள் மருதாயி, பலகாரத்துக்கு மேலிருந்து. “சீர எறக்கிட்டு வண்டி திரும்பி வரும்.”

ஆட்டோ போயிற்று. சுகன்யா கொஞ்ச நேரம் சந்தில் நின்றாள். கையில் மகள் கொட்டாவி விட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுகன்யா திரும்பிக் கொல்லைக்குள் நடந்தாள். துளசியைத் தாண்டி, அடிபம்பைத் தாண்டி, சமையலறை வழியாகக் கூடத்துக்கு வந்தாள்.

முன்வாசலில் எல்லாரும் தெருவைப் பார்த்து நின்றார்கள். கிருஷ்ணம்மாள் கையில் ஆரத்தித் தட்டு. ஜெகதாம்பாள் பட்டுப்புடவையில். செந்தில்குமார் புதுச் செருப்பில். சுகன்யா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

“அத்தே, யாருக்குக் காத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

எல்லாரும் திரும்பினார்கள். கிருஷ்ணம்மாளின் தட்டு சாய்ந்து ஆரத்தித் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. “ஐயையோ, பின்வழியா வந்துட்டாளே! இனிமே ஆரத்தி யாருக்குக்கா எடுக்கறது? முறை என்னாவுறது?”

தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. உள்ளே தட்டுகள் தெரிந்தன. ஜெகதாம்பாள் கூடத்துக்குள் வந்து, பேத்தியின் காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“முறை ஆட்டோவுல வருது கிருஷ்ணம்மா. அதுக்கு எடு.”