செத்துட்டேன், தூக்குங்க

"அந்த ரெக்கார்டிங்கை அணைச்சுடுங்க சார். ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து. ரெண்டும் தானா எடுக்குது. எனக்கு ரெண்டும் வேணாம்."

கதவைத் தட்டி உள்ளே வந்தவள், உட்காராமலேயே இதைப் போட்டு உடைத்துவிட்டாள். வேலையில் சேர்ந்த அன்றே பக்கத்து சீட் அக்கா அவள் காதைக் கடித்திருந்தாள்: "கேப்டன்கிட்ட லீவு கேளு, சண்டைகூடப் போடு. அந்த விளையாட்டை மட்டும் தொட்டுடாத. அது அவர் பெத்த புள்ள மாதிரி."

அது ஒரு பார்சல் கம்பெனி. வழியில் தொலைந்துபோன பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிரிவுக்குத் தலைவர்தான் கேப்டன். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வீட்டிலிருந்து வேலை. அன்று மதியம் சாப்பிட்ட கையோடு பிரிவு மொத்தமும் ஓர் ஆன்லைன் விளையாட்டில் கூடும். ஒரு தீவு, கையில் துப்பாக்கி, ஓட்டம். யாராவது ஜெயித்தாலோ விழுந்தாலோ, அந்த நேரத்தில் கேமராவில் தெரியும் அந்த ஆளின் முகத்தை விளையாட்டு தானே படம் பிடிக்கும். மைக்கில் விழுந்த சத்தத்தையெல்லாம் பதிவு செய்யும். ஒரு வார்த்தை கேட்காமல் ஆபீஸ் குரூப்பில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அதை நிறுத்தும் வழி, விளையாட்டைத் திறந்து வைக்கிற கேப்டனின் திரையில் மட்டும்தான் உண்டு.

"உக்காரும்மா முதல்ல," என்றார் கேப்டன். "அம்மா விஷயம்தானே?"

அம்மா விஷயம்தான்.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைப்பவள். நடக்க முடியாதவர்களைத் தூக்கி உட்காரவைப்பதும் அவள் வேலைதான். வீடென்று சொன்னால் ஓர் அறை, அதை ஒட்டிய சமையலறை. அந்த வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் இவள். அறையில் கம்ப்யூட்டர் வந்த அன்று அம்மா அதற்கு ஒரு துண்டைப் போர்த்தி, தூசி படாமல் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தீவில் யாரோ மறைந்திருந்து இவளைச் சுட்டுவிட்டார்கள். விழுந்தவரைக் கூட்டாளி ஓடிவந்து தூக்கினால் பிழைக்கலாம், அதுதான் விளையாட்டு. காதில் ஹெட்போன், சுற்றியுள்ள உலகம் மறந்துபோச்சு. "செத்துட்டேன்! செத்துட்டேன்! யாராவது வந்து தூக்குங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

வார்டில் வேலை பார்க்கிறவளுக்கு அதெல்லாம் விளையாட்டுச் சொல்லா? சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா போட்டது போட்டபடி ஓடிவந்தாள். மகளின் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்து நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினாள். "ஐயோ, எம்பொண்ண யாராச்சும் தூக்குங்களேன்! நான் ஒருத்தியா எப்படித் தூக்குவேன்!"

ஹெட்போன் ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். விளையாட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. அவிழ்ந்த கொண்டையும் திறந்த வாயும் வெங்காயத் தோல் ஒட்டிய கையுமாக அம்மா ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தாள். அவள் அலறல் ரெக்கார்டிங்கில் இருந்தது.

குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இவளும் சிரித்தாள், அதை மறைப்பானேன். விஷயம் புரிந்ததும் அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "சனியனே, சாவுறதுல ஒரு விளையாட்டா?"

சிரிப்பு அங்கேயே முடிந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. படம் குரூப்பில் ஸ்டிக்கர் ஆனது. எங்காவது ஒரு பெட்டி காணாமல் போனால் யாராவது, "எம்பொண்ண தூக்குங்களேன்" என்று அதைத் தட்டிவிடுவார்கள். ரீல் என்று ஒருத்தன் உண்டு, வாயைத் திறந்தால் ரீல் விடுவதால் அந்தப் பெயர். அவன் அந்த அலறலை வெட்டியெடுத்துத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டான். இவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அந்த ரீல்தான் ஒருநாள் ஆபீஸ் சார்ஜர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்தான். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், "அம்மா அப்பா நல்லா இருக்காங்களா தம்பி?" என்று விசாரித்தாள். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது.

அம்மா திடுக்கிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "யாரு தம்பி அப்படி அழுவுறது? பாவம்."

ரீல் பதறி அணைக்கப் போக, போன் இன்னொரு முறை அலறியது. அப்போதுதான் அம்மாவுக்கு அது தன் குரல் என்று பிடிபட்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அந்த வீட்டில் அம்மாவின் வாய் ஓயாது. குழாயோடு பேசுவாள், குக்கரைத் திட்டுவாள், வார்டுக் கதையை ஆள்மாற்றி ஆள்மாற்றிக் குரல் கொடுத்துச் சொல்வாள். அடுத்த வெள்ளிக்கிழமை, மகள் கம்ப்யூட்டரைத் திறந்ததுமே அவள் எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். போகப் போக மற்ற நாளிலும் சைகைதான். பாத்திரத்தைக்கூடச் சத்தம் வராமல் வைத்தாள். இருமல் வந்தால் முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஏன் என்று கேட்டால், "அது பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இருக்கும்ல. உனக்குத்தான் அசிங்கம்" என்று கிசுகிசுத்தாள்.

இதையெல்லாம் இவள் ஒரே மூச்சில் கேப்டனிடம் கொட்டினாள். கேப்டன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அது வீடு வரைக்கும் போனது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா." உடனே போனை எடுத்துப் பதிவையும் படத்தையும் குரூப்பிலிருந்து அழித்தார். "ரீலையும் ரிங்டோனை மாத்தச் சொல்றேன். போதுமா?"

"அவன் அன்னைக்கே மாத்திட்டான். அடுத்தது எடுக்காம இருக்கணும் சார். அதுக்குத்தான் வந்தேன்."

"நீ மைக்கை மூடிக்கயேன்."

"விழுந்தா மைக் தானா திறக்குது. உதவி கேக்கணுமாம்."

"அப்போ அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளிய..."

"வெளியதான் சார் உக்காந்திருக்காங்க! அவங்க வீட்டுக்கு அவங்களே வெளிய!"

கேப்டன் குரலைத் தணித்துச் சொன்னார்: "முன்னாடி எல்லாரும் வாரம் முழுக்க வீட்லேர்ந்தே வேலை பாத்தப்போ ஒருத்தர் குரல் ஒருத்தருக்கு மறந்தே போச்சு. அதுக்காகத்தான் இதை ஆரம்பிச்சேன். நான் தனி ஆளு. ஞாயித்துக்கிழமைன்னா இந்தப் பதிவுகளைத்தான் போட்டுப் பாத்துக்கிட்டு இருப்பேன். உங்க எல்லார் வீட்டுச் சத்தமும் அதுல கேக்கும்."

அவளுக்கு மனசு இளகத்தான் செய்தது. இளகியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இவருடைய ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா ஏன் வாயைப் பொத்த வேண்டும்?

"செட்டிங்ஸைத் திறங்க சார்."

அவர் திறந்தார். எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. அவள்தான் குனிந்து விரலால் காட்டினாள்: "'நினைவுகள்'னு இருக்கு பாருங்க. ஆமா, பேரு மட்டும் அழகா வச்சிருக்கான். கீழ போங்க."

இரண்டு பொத்தான்கள். ஸ்கிரீன்ஷாட்டை அணைத்தார். ரெக்கார்டிங் மேல் போன அவர் கை அப்படியே நின்றது.

"இது டீம் விஷயம்மா. நான் ஒருத்தனா முடிவு பண்ணக் கூடாது. வெள்ளிக்கிழமை எல்லாரையும் கேட்டு ஒரு ஓட்டு எடுத்துடலாமே?"

"எங்கம்மா எந்தத் தேர்தல்லயும் நிக்கல சார்."

"கோவப்படாத. உன் நிரந்தரத்துக்கு நான்தான் எழுதணும். டீமோட கலந்து பழகுறாங்களான்னு அதுல ஒரு கேள்வி இருக்கு. நீ விளையாட்டுக்கே வரலன்னா நான் என்னன்னு எழுதுறது?"

அது மிரட்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அவர் முகத்தில் அந்தத் தவிப்பு இருந்தது.

"வரலன்னு எழுதுங்க. ஏன் வரலன்னும் எழுதுங்க."

காலையில் கிளம்பும்போதே அவள் விளையாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அடியோடு நீக்கியிருந்தாள். இவர் அணைத்தாலும் சரி, அணைக்காவிட்டாலும் சரி, இனி அந்த வீட்டுக்குள் அது வரப்போவதில்லை. கேட்காமல் ஒதுங்கினால் பயந்து ஓடிவிட்டாள் என்பார்கள். அதற்காகத்தான் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா..."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.