மனிதரை நீக்கும் கட்டளை

பாதி ஆயுளைத் தவளைகளோடு கரைத்தவளுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே வேப்பங்காய். முழங்கால் வரை சேற்றில் இறங்கி நின்று, குரலைக் கேட்டே இது இன்ன இனம், இணை தேடுகிறதா, எல்லை காக்கிறதா என்று சொல்லிவிடுவாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்தால் மட்டும் தலை கிறுகிறுக்கும். அப்படிப்பட்டவளைப் போய் அவளுடைய கல்லூரி மரபணுப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தது. இனித் தவளையைத் தேடி அலைய வேண்டாம், அது நீந்திய தண்ணீரைக் கொண்டுவந்தால் போதும், அதில் கிடக்கும் டி.என்.ஏவே யார் யார் வந்து போனார்கள் என்று சொல்லிவிடும் என்றார்கள். அதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாருமே அவளைப் போல வெயிலில் காய்ந்தவர்கள்தான். யாரும் யார் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. வண்டுகளைப் படிப்பவர் வண்டுக்காரர், பாசி படிப்பவள் பாசிக்காரி, இவள் தவளைக்காரி. சொல்லிக்கொடுத்தவளோ இவர்கள் எல்லாரையும்விடச் சின்னப் பெண். அவள் இவர்களை மேடம், சார் என்பாள். இவர்கள் அவளை மேடம் என்பார்கள். ஒரு ஆய்வுக்கூடத்தில் இத்தனை மேடம்கள் இருந்தால் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று யாருக்குத்தான் புரியும்?

தவளைக்காரியின் மனதில் வேறு ஒரு பாரமும் இருந்தது. அவளுடைய அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் பைக்குக்குக் காற்று அடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன், திரும்பவில்லை. பைக் பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. பஸ் ஏறி எங்கோ போய்விட்டான் என்று போலீஸ் முடிவு கட்டியது. அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள், கோபம் ஆறினால் வந்துவிடுவான் என்று. இவளால் அப்படி நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இருக்கிறானா இல்லையா என்று ஒரே ஒரு வார்த்தை யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

முதல் வாரம் எச்சில் பாடம். ஆளுக்கொரு பஞ்சுக்குச்சியால் சொந்தக் கன்னத்தின் உள்பக்கத்தைத் தேய்த்து, அதிலிருந்து டி.என்.ஏவைப் பிரித்து, உள்ளங்கை அளவே இருந்த ஒரு கருவியில் ஊற்றிப் படித்தார்கள். நம் உடம்பின் அணுக்களுக்குள் தாயிடமிருந்து மட்டும் வரும் ஒரு குட்டி டி.என்.ஏ உண்டு, அம்மா அதை மகனுக்கும் கொடுப்பாள், மகளுக்கும் கொடுப்பாள், மகனோடு அது நின்றுபோகும் என்று சின்ன மேடம் விளக்கினாள். தவளைக்காரியின் தாய்வழியில் சில அபூர்வமான மாற்றங்கள் இருந்தன. உலகத்துச் சேமிப்பிலெல்லாம் தேடியும் அப்படியே ஒத்துப்போகிற ஆள் அகப்படவில்லை. உங்கள் அம்மா ஒரு தனிப்பிறவி என்று சின்ன மேடம் சொல்ல, அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாள் இவள். வகுப்பு சிரித்தது.

இரண்டாம் வாரம் தண்ணீர். பயிற்சி நடந்த ஊருக்கு வெளியே, தவளைக்காரியின் சொந்த ஊருக்குப் போகும் பஸ் சாலையை ஒட்டி இருந்த நீர்த்தேக்கத்தின் கரையை ஆளுக்கொரு இடமாகப் பிரித்துக்கொண்டு, போத்தலில் முகந்து, வடிதாளில் வடிகட்டி, தாளில் தங்கியதைப் பிரித்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் அதே நீர்த்தேக்கம்தான். தவளைக்காரிக்குக் கிழக்குக் கரை வந்தது. வண்டுக்காரருக்கு எதிர்க்கரை.

கம்ப்யூட்டரில் முதல் வேலை, மனிதரை நீக்குவது. தண்ணீரில் மனித டி.என்.ஏ தென்பட்டால் அது எடுத்தவரின் எச்சிலாகவோ தோலாகவோ தும்மலாகவோதான் இருக்கும் என்பதால், ஒரே ஒரு வரிக் கட்டளையில் அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தில் மீனையும் தவளையையும் தேடுவது வழக்கம். தவளைக்காரி அந்த வரியைத்தான் அடிக்க மறந்தாள். கெண்டை, விரால், வாத்து, எருமை, அவளுக்கு உயிரான இரண்டு தவளை இனங்கள் எல்லாம் திரையில் வந்தன. அவற்றின் கீழே மனிதரும் வந்தார்.

சின்ன மேடத்துக்கு ஒரே கொண்டாட்டம். பாடம் நடத்த இதைவிட நல்ல தவறு கிடைக்குமா? எல்லாரையும் திரை முன்னால் கூட்டி, இதைத் தவளை மேடத்தின் கன்னத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றாள். ஒப்பிட்டார்கள். அந்த அபூர்வ மாற்றங்கள் ஒன்றுவிடாமல் அப்படியே இருந்தன. முகமூடியை இறக்கிவிட்டுப் பேசியிருப்பீர்கள் என்று செல்லமாகக் கண்டித்துவிட்டுச் சின்ன மேடம் அடுத்த மேசைக்குப் போனாள்.

தவளைக்காரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று காலை அவள் முகமூடியை இறக்கவே இல்லை. சளி பிடித்திருந்ததால் வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பிடிக்காத பாடத்திலும் விட்டேனா பார் என்று உட்கார்ந்து, திரையில் எழுத்து வரிசைகளாக வந்திருந்த அந்த மனித டி.என்.ஏவைத் தனியாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்த எழுத்துகளில் ஆண்களிடம் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோமின் துண்டுகள் கிடந்தன.

தாய்வழி அவளுடையது, ஆள் ஆண். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை, இரண்டே பிள்ளைகள்.

சின்ன மேடத்திடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. உங்களுடையதும் கொஞ்சம், இங்கே உள்ள ஆண்கள் யாருடையதோ கொஞ்சம், இரண்டும் கலந்திருக்கும் என்றாள். நியாயமான பேச்சுதான். கருவிகளில் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க வெறும் சுத்த நீரையும் வடிகட்டியிருந்தோமே, அதில் மனிதர் யாருமே இல்லையே என்று தவளைக்காரி கேட்டாள். இருவரும் வண்டுக்காரரின் கம்ப்யூட்டர் கோப்பைத் திறந்தார்கள். எதிர்க்கரைத் தண்ணீர், தவளைக்காரியின் மூச்சுக்காற்றுகூடப் படாதது. அதில் அவர் ஒழுங்காகக் கழித்துக் குப்பையில் போட்டிருந்த மனித எழுத்துகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் அதே தாய்வழி.

பிறகு சின்ன மேடமே, யாரும் கேட்காமல், பழைய பயிற்சிகளின் கோப்புகளைத் திறந்தாள். அண்ணன் காணாமல் போவதற்கு முன்பு எடுத்த தண்ணீரில் யார் யாரோ இருந்தார்கள். தும்மியவர்கள், இருமியவர்கள். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பயிற்சியிலும் அவன் இருந்தான். எத்தனையோ பேர் எத்தனையோ முறை அவனை முகந்து, வடிகட்டி, பிரித்து, படித்து, முதல் வரியிலேயே தூக்கி எறிந்திருக்கிறார்கள். அந்த வரியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தாள். தவளைக்காரிக்கு அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"தண்ணியில டி.என்.ஏ எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டாள்.

"சில நாள். மிஞ்சிப்போனா சில வாரம். அப்புறம் சிதைஞ்சுடும்."

"அப்போ இப்பவும் அங்க வந்து போறானா?"

சின்ன மேடம் திறந்திருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக மூடினாள். "அடியில சேறு இருக்கு மேடம்," என்றாள். "சேத்துக்குள்ள இருந்தா வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா மேல வந்துக்கிட்டே இருக்கும்."

மறுபடியும் தண்ணீர் எடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் தவளைக்காரி கிட்டேயே வரக் கூடாது. அவள் தொட்டால் கெட்டது, மூச்சு விட்டால் கெட்டது. தன் அண்ணனைத் தேடும் வேலையில் உலகத்திலேயே அவள் ஒருத்தி மட்டும் கை வைக்கக் கூடாதவளாகிப்போனாள். வண்டுக்காரரும் பாசிக்காரியும் வெள்ளை உடுப்பும் இரட்டைக் கையுறையுமாகக் கரையோரம் நடந்தார்கள். இவள் மேட்டில் இருந்த சாலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. காலையிலேயே தவளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அவள் பழக்கதோஷத்தில் இனம் பிரித்துக் கேட்டபடி கீழே நடப்பவர்களுக்கு இணையாகச் சாலையில் நடந்தாள். தண்ணீரை மதகுக்கு இழுக்கும் பழைய கல் கோபுரம் ஒன்று கரையை ஒட்டி நின்றது. அதை நெருங்க நெருங்கச் சத்தம் குறைந்தது. கோபுரத்துக்கு நேரே வந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. தண்ணீர், செடி, நிழல் எல்லாம் மற்ற இடத்தைப் போலத்தான் இருந்தன, ஒரு தவளை குடியிருக்க வேண்டிய எல்லா வசதியும் இருந்தது. இருபது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கரையை அவள் பார்த்ததில்லை. கோபுரத்தைத் தாண்டியதும் சத்தம் மறுபடி தொடங்கியது.

முடிவு வரும்வரை அவளை ஆய்வுக்கூடத்துக்குள் விடவில்லை. நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவர்கள் பாடம் படித்த அதே ஒழுங்கோடு அவனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டுக்காரர்தான் வெளியே வந்தார். வாய் ஓயாமல் கடி ஜோக் சொல்கிற மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்தார். எல்லா இடத்திலும் இருக்கிறான் என்றும், கோபுரத்துக்குக் கிட்டே போகப் போக அதிகமாகிறது என்றும், கோபுரத்தடியில் எடுத்த போத்தலில் மீனைவிட அவன்தான் அதிகம் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் நன்றி சொன்னாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

போலீஸ் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கோபுரத்தடிச் சேற்றில் ஆள் இறக்க வேண்டும் என்றால் மேலிடத்துக்கு ஆதாரம் வேண்டும், தங்கையின் கணக்கு போதாது, பெற்றவளின் மாதிரி இருந்தால் இது அவள் மகன்தான் என்று அடித்துச் சொல்லலாம் என்றார். அதை யார் போய் எடுப்பது? சின்ன மேடம் தானே வருகிறேன் என்றாள். தவளைக்காரி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, குச்சி உறையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவள் எதிரில் உட்கார்ந்து, தவளையிலிருந்து தொடங்கி, தண்ணீருக்கு வந்து, மறந்துபோன அந்த ஒரு வரிக்கு வந்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். சேற்றைப் பற்றியும் சொன்னாள். அதை விட்டுவிட்டால் அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச காலத்துக்கு நம்பிக்கை இருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பாதி மட்டும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அம்மா அழுவாள், அல்லது அடிக்க வருவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா கையில் இருந்த துண்டை மடித்து, அடுக்கில் வைத்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். உறையில் இரண்டு குச்சிகள் இருந்தன, கன்னத்துக்கு ஒன்று. இவள் கையுறையைத் தேடும் முன்பே அம்மா குச்சிகளை வாங்கிக்கொண்டாள். ஒன்றை வலது கன்னத்துக்குள் விட்டுப் பல் தேய்ப்பது போலத் தேய்த்தாள். பிறகு மற்றதை இடது கன்னத்துக்குள் விட்டு ரொம்ப நேரம் தேய்த்தாள். கண் மட்டும் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

முதல் குச்சியை நீட்டினாள். "இது போலீஸுக்கு."

இரண்டாவதைத் தன் கையிலேயே வைத்திருந்தாள்.

"அவன் போறதுக்கு முன்னாடி ஒரு வாரமா நான் அவன்கிட்ட வாய் திறந்து ஒரு வார்த்தை பேசலம்மா. என்ன கோபம்னுகூட இப்ப ஞாபகம் இல்ல. போகும்போது வாசல்ல நின்னு 'அம்மா, வரேன்'னான். நான் திரும்பிக்கூடப் பாக்கல." குரல் உடையவில்லை. குச்சியை மகளின் கையில் வைத்து விரல்களை மூடினாள். "உங்க மெஷினு யாரு வந்தாங்க போனாங்கன்னு தண்ணியப் பாத்துச் சொல்லுதுல்ல? அவனுக்கும் அது தெரியுமாயிருக்கும். இத அவன் இருக்கிற இடத்துல போட்டுடு. அம்மா வந்துட்டான்னு தெரிஞ்சுக்கட்டும்."

அப்படியெல்லாம் இல்லை அம்மா என்று சொல்லலாம். அவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தில் ஒரு குச்சி எச்சில் ஒன்றுக்கும் காணாது என்று கணக்குப் போட்டும் காட்டலாம், அந்தக் கணக்கை இப்போது அவளுக்குப் போடத் தெரியும். அவள் அதைத் தனியாக ஒரு தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் கோபுரத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, சரிவில் கால் வைத்துக் கீழே போனாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. காற்று துளிக்கூட இல்லை, தண்ணீர் அசையாமல் கிடந்தது. குனிந்து குச்சியைத் தண்ணீரின் மேல் விட்டாள். பஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து சற்று நேரம் மிதந்தது. அப்புறம், கீழே இருந்து யாரோ பார்த்துப் பார்த்து மெதுவாக வாங்கிக்கொண்டதைப் போல, நிமிர்ந்து செங்குத்தாக உள்ளே போயிற்று.