அறுநூறு அடிக்குள்

1951ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, மலாயாவில் கோலா சிலாங்கூருக்கு வடக்கே, ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயம் நீளத்தில் பாதியும் அகலத்தில் பாதியும் குறைந்து நின்றது. ஆட்கள் குறையவில்லை. அறுபத்திரண்டு குடும்பங்களும் தேத்தண்ணி குடித்துவிட்டு வழக்கம்போல் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்தன.

காரணம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கொர்னேலியஸ். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று லயங்களை முள்கம்பியால் அடைக்கச் சொல்லி உத்தரவு வந்த அவசரகாலம் அது. லயத்து நிலம் நானூறு அடி நீளம், இருநூறு அடி அகலம். கொர்னேலியஸ் இரண்டையும் கூட்டி அறுநூறு அடிக்கு எழுதி அனுப்பிவிட்டார். லோரியில் வந்த கம்பியைக் கட்டி முடித்தபோது, வடக்கும் மேற்கும் திறந்தே கிடந்தன. "நாலு பக்கமாச்சே, ரெண்டால பெருக்கலையா?" என்று கேட்டாள் அவர் மனைவி முரியல். வேறு கம்பி வர மூன்று மாதம் ஆகும். போலீஸ் அதிகாரியோ வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறார். ரவாங் பக்கம் ஒரு கிராணி வேலிக்கதவைப் பூட்ட மறந்தார். வேண்டுமென்றே செய்தார் என்று பிடித்துப் போனார்கள். எட்டு மாதமாகியும் ஆள் திரும்பவில்லை. முரியல் கணவனின் இரண்டு சட்டைகளைத் துவைத்துப் பையில் மடித்து வைத்தாள்.

லயத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் அரை நாள்தான் எழுதுவார்; அதற்கு அரைப்பேர் என்று சொல்வார்கள். "எனக்கு அரைப்பேர் போட்ட கையி, வேலிக்கும் அரைப்பேர் போட்டுருச்சா கிராணி ஐயா?" என்று வியாழக்கிழமை பால் நிறுக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள், பால்மரம் சீவும் காளியம்மா. பெண்கள் சிரித்தார்கள். அவர் ஒரே வாளியை மூன்றாம் முறையாகத் தராசில் வைப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அன்று பிற்பகல் காளியம்மா வீடு வீடாகப் போனாள்.

"அந்தாளு சிடுமூஞ்சிதான். அதுக்காகப் புடிச்சிக் குடுத்துட முடியுமா? கொஞ்சம் ஒடுங்கிக்குவோம்லா."

"எம்புட்டு ஒடுங்கணும்?" என்றாள் முதல் வீட்டு நல்லம்மாள்.

"நீளத்துல பாதி, அகலத்துல பாதி."

"எங்க வீட்டுக்காரரு நீட்டிப் படுக்கிறவராச்சே!"

"மடக்கிப் படுக்கச் சொல்லு."

ஒவ்வொருவரும் தங்கள் அம்மி, கோழிக்கூடு, துணிக்கொடி எல்லாவற்றையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பாய் சுருட்டும் சத்தத்தோடு சுவர்கள் பின்னாலேயே வந்தன. மாரியம்மன் கோயிலும் மாதா சிலை வைத்த கெபியும் நெருங்கி வந்து, இடித்துக்கொள்ளாமல் நின்றன. ஆண்கள் கம்பியை அவிழ்த்து நாலு பக்கமும் கட்டினார்கள். ஓர் அடி மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை.

அதிகாரி நாடா பிடித்தே அளந்தார். இருநூறு, நூறு, இருநூறு, நூறு. கையெழுத்துப் போட்டுவிட்டு, பாசிர் பெனம்பாங்கில் இறால் சாப்பிடப் போய்விட்டார். முரியல் சட்டைகளைப் பையிலிருந்து எடுத்துக் கொடியில் மாட்டினாள்.

இந்தக் கோடி வீட்டில் தும்மினால் மறுகோடி வீட்டில் "நூறு" என்றார்கள். சண்டைகளை மெதுவான குரலில் போடப் பழகினார்கள். பதினேழு பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் இடம் இருந்தது. கொர்னேலியஸ் அரைப்பேர் போடுவதை நிறுத்தவில்லை. காளியம்மாவும் அவரைக் கேலி செய்வதை நிறுத்தவில்லை.

1960இல் அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்த பிறகு, நிலம் அளக்க ஒருவர் வந்தார். பழைய வரைபடத்தைப் புரட்டி, "இதுல சுத்தளவு ஆயிரத்து இருநூறு அடின்னு வருதே ஐயா?" என்றார்.

"ஆமா, அப்ப அவ்வளவு இருந்திச்சு," என்றார் கொர்னேலியஸ். "எனக்காக ஒடுங்கிக்கிட்டாங்க."

வந்தவர் தலையாட்டி, சுற்றளவு அறுநூறு என்று எழுதிக்கொண்டு நாடாவைச் சுருட்டினார்.