அவருக்கு இருந்த இளைப்பு

நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்தின் கடைசி லயத்து வரிசை வீடொன்றில் நேசராணி தனியாக இருந்தாள். கணவர் யேசுரத்தினம் இறந்து ஒரு வருடமாகப் போகிறது. மகன் ஜொனிக்குக் கொழும்பில் கடை வேலை. நத்தார் பண்டிகைக்கு வந்தால் உண்டு. கொழுந்து பறிப்பதை நிறுத்திய பிறகு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்துப் பேச்சும் போயிற்று. சில நாட்களில் பொழுது சாய்ந்த பிறகுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

அந்தப் போயா பௌர்ணமி விடுமுறையன்று பசறையிலிருந்து யசோதினி என்ற பெண் வந்தாள். தோட்டங்களில் எத்தனை பேருக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு டெப் கணினியில் பதிகிற வேலை அவளுக்கு.

"போன ஒரு வருசத்துல, மூச்சு விடுறப்ப நெஞ்சுல விசில் மாதிரி சத்தம் வந்திருக்காம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் நேசராணி வாயெடுத்தாள். ஆனால் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி இல்லை என்றதும் இந்தப் பெண் சட்டென்று எழுந்து வந்துவிட்டதைச் சற்று முன்தான் பார்த்திருந்தாள்.

"ஆமாங்க," என்றாள்.

கேள்விகள் நீண்டன. பனிக்காலத்தில் கூடுமா? பேச முடியாமல் திணறியதுண்டா?

"விடியக்காலைலதான் ரொம்பக் கஷ்டம். படுக்க முடியாது. தலகாணிய மடியில வச்சுக் குனிஞ்சே உக்காரணும். ஒரு வார்த்த சொல்லிட்டு, மூச்சு எடுத்துத்தான் அடுத்த வார்த்த."

சொல்லச் சொல்ல இன்னும் சொல்ல வேண்டும் போலிருந்தது. இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

யசோதினிக்குப் பாவமாகிவிட்டது. பையிலிருந்து மூச்சின் பலத்தை அளக்கும் குழாய் ஒன்றை எடுத்தாள். "இதுல பலமா ஊதுங்கம்மா."

நேசராணி ஊதினாள். முள் மேலே ஏறி நின்றது. யசோதினி மறுபடி ஊதச் சொன்னாள், மறுபடியும் அப்படியே.

"ஒங்களுக்கு மூச்சு நல்லா இருக்கேம்மா!"

"எனக்கில்ல மகள். எங்க வீட்டுக்காரருக்கு. தேயில ஸ்டோர்ல தூள் சலிச்சவரு."

யசோதினி கோபப்படவில்லை. "ஒங்களப் பத்தி மட்டுந்தாம்மா பதியலாம்," என்று பதிந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்டாள். இப்போது எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது.

"மூச்சுத் திணறித் தூக்கம் கலைஞ்சிருக்கா?"

"முழிப்பு வரும். திணறி இல்ல." நேசராணி தயங்கினாள். "அவரு இழுக்குற சத்தம் கேக்கலையேன்னு முழிப்பு வரும்."

யசோதினியின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு 'இல்லை' என்பதைத் தொட்டாள்.

"அவரு பேரு என்னம்மா?"

அது டெப்பில் இருந்த கேள்வி அல்ல.

"யேசுரத்தினம்."

கீழ் லயத்துக்குப் போகும் பாதை வழுக்கும் என்று சொல்லி நேசராணியும் கூடவே இறங்கினாள். வழி நெடுக அவரைப் பற்றியே பேசினாள். யசோதினி ம் கொட்டிக்கொண்டே நடந்தாள். முதல் வீட்டுக்குள் அவள் போய் உட்கார்ந்து, அதே கேள்வியைத் தொடங்கியது வாசலுக்குக் கேட்டது. நேசராணி சற்று நேரம் அங்கேயே நின்றாள். அப்புறம், கொஞ்சமும் மூச்சு வாங்காமல், மேடேறித் திரும்பினாள்.